வெளிநாடு கிளம்பும் முன் மருந்துப் பையை எப்படிக் கட்டுவது?

மன்னார்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிற பெரியவர்கள் தனி. அதனால் "நாளன்னைக்குத் திருச்சியிலேருந்து ஃப்ளைட்டு, மூணு மாசத்துக்கு மாத்திரை கட்டிக் குடுங்க தம்பி" என்று கடைக்கு வந்து நிற்பது எனக்குப் பழகிப்போன காட்சி. அவர்களிடம் மூன்று கேள்வி கேட்பேன். எந்த நாடு? எத்தனை நாள் தங்கல்? டாக்டர் சீட்டு யார் பேரில், எப்படி எழுதியிருக்கிறது? மாத்திரை வாங்க வந்தவனிடம் போலீஸ் விசாரணை நடத்துகிறானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, விமான நிலையத்தில் கேட்பதைவிட நான் கேட்பது மேல்.

இங்கே கேட்டவுடன் கிடைக்கும் மாத்திரை சில நாடுகளில் போதைப்பொருள் கணக்கில் வரும். இங்கே மூலைக்கு மூலை கிடைப்பது வேறு சில நாடுகளில் எந்தக் கடையிலும் இருக்காது. எந்த வகை என்றாலும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தெரிந்து பிரயோஜனம் இல்லை. டிக்கெட் போட்ட அன்றே ஆரம்பித்துவிட வேண்டும். குறைந்தது ஆறு வாரம் கையில் இருந்தால் தடுப்பூசி, டாக்டர் கடிதம், அனுமதி எல்லாவற்றுக்கும் நேரம் சரியாக இருக்கும்.

அந்த ஆறு வாரத்தில் முதலில் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல் ஒன்று ஆறு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தால் அது விமானம் ஏறிய பிறகுதான் முழுக்குரலில் பேசும். பயணக் காப்பீடு பெரும்பாலும் பல் வைத்தியத்துக்கு உதவாது. திடீர் வலிக்கு ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி செய்து வைத்துக்கொள்ளுங்கள், பவர் எழுதிய சீட்டோடு. சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் விமானம் ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கர்ப்பம் 28 வாரம் தாண்டிவிட்டால் பல விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும்; 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மாத்திரை அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கு நம் எல்லைக்கு வெளியே மதிப்பில்லை. அட்டையில் பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் கணக்கும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அது. டோலோ 650 என்று அமெரிக்க மருந்துக்கடையில் கேட்டால் விழிப்பார்கள். பாராசிட்டமால் என்றாலும் சிலருக்குப் புரியாது, அங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். இழுப்புக்கு உறிஞ்சும் சால்புடமால் அங்கே ஆல்பியூட்டெரால். புரியாமல் போவதாவது பரவாயில்லை, ஒரே பெயரில் வேறு மருந்து இருப்பதுதான் ஆபத்து. ஃப்ளோமாக்ஸ் என்றால் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின். அதே பெயரில் இத்தாலியில் விற்றது வீக்கமும் வலியும் குறைக்கிற வேறொரு மருந்து. 2006ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இப்படிப்பட்ட பெயர்களைச் சொல்லி எச்சரிக்கை விட்டது.

நம் ஊர் சர்க்கரை மாத்திரைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து அடைத்திருப்பார்கள். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை என் கடையில் தினமும் போகும். வோக்லிபோஸ் அமெரிக்காவில் கிடையாது. இங்கே டாக்டர்கள் தாராளமாக எழுதும் வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் இரண்டும் கிடையாது. பை தொலைந்தால் அதே மாத்திரையை வாங்க வழியில்லை, அங்குள்ள டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் சரியாக மாற்ற வேண்டுமானால் உங்கள் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே உங்கள் டாக்டரிடம் போய் அவருடைய லெட்டர்பேடில் ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு கடிதம் கேளுங்கள். என்ன நோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்து, பதிவு எண், முத்திரை மூன்றும் வேண்டும். கோழி கிளறியது மாதிரி எழுதிய சீட்டை நான் படித்துவிடுவேன், அது என் தொழில். துபாய் சுங்க அதிகாரிக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

பெயரையும் கவனியுங்கள். சீட்டில் கே. செல்வராஜ் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து செல்வராஜ் கந்தசாமி என்று இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள், அங்கே இரண்டு பேர். கடிதத்திலும் சீட்டிலும் கடை பில்லிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வர வேண்டும். பில் போடும்போது பாஸ்போர்ட் நகலைக் காட்டினால் எந்தக் கடைக்காரரும் அப்படியே அடித்துக் கொடுப்பார்.

மாத்திரைகளை முழு அட்டையாக வாங்குங்கள். பத்து மாத்திரை அட்டையில் நாலை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் ஏதோ ஒரு துண்டில் போய்விடும். மிச்சத் துண்டைப் பார்த்து அது என்ன மருந்து என்று யாரும் சொல்ல முடியாது. இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று எல்லா மாத்திரையையும் பிதுக்கிப் பழைய டப்பாவில் கொட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம். காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பா போய் இறங்கிய பிறகு உபயோகிக்கலாம். பயணத்தில் எல்லாம் அட்டையிலேயே இருக்கட்டும்.

அளவு எவ்வளவு? மூன்று மாதத்துக்கு என்பது பல நாடுகளில் ஓடும் கணக்கு. அமெரிக்காவில் 90 நாளுக்கு, சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் மூன்று மாதத்துக்குச் சாதாரண மருந்துகளைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகலாம். ஜப்பான் கறார்: சீட்டு மருந்து ஒரு மாதத்துக்குத்தான், அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே எழுதிப்போட்டு அனுமதிச் சான்று வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஆறு மாதம் தங்கப்போகும் பெற்றோர் மிச்ச மூன்று மாதத்து மருந்தைக் கூரியரில் வரவழைப்பதானால் பாஸ்போர்ட், விசா நகல், டாக்டர் கடிதம், சீட்டு நகல், பில் எல்லாம் பார்சலுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெறும் மாத்திரையாக அனுப்பினால் சுங்கத்தில் நின்றுபோகும். நம் ஊர் டாக்டர் சீட்டை அமெரிக்க மருந்துக்கடை ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கைதாக வைக்கும் மாத்திரைகள்

வளைகுடா போகிறவர் சீட்டில் நான் முதலில் தேடுவது நாலு வகை. வலிக்கு எழுதும் டிரமடால், அது பாராசிட்டமாலோடு சேர்ந்து வந்தாலும் சரி. கோடீன் கலந்த இருமல் டானிக். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் எழுதும் அல்பிரசோலம், குளோனாசிபாம், டயசிபாம். அப்புறம், யாரும் எதிர்பாராத ஒன்று: கால் எரிச்சல், மதமதப்புக்கு எழுதும் பிரிகாபாலின். எங்கள் பக்கம் சர்க்கரைக்காரர்கள் பாதிப் பேர் வீட்டில் அது இருக்கும், பெரும்பாலும் ஏதோ ஒரு வைட்டமினோடு சேர்ந்து, வைட்டமின் மாத்திரை என்ற பெயரிலேயே. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்பாட்டு மருந்து. பிரிட்டன்கூட 2019 ஏப்ரலில் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

கட்டுப்பாட்டு மருந்து என்றால் கொண்டுபோகவே கூடாது என்று அர்த்தம் இல்லை. அமீரகத்துக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். பாஸ்போர்ட் நகல், சீட்டு, டாக்டர் கடிதம் இருந்தால் போதும். அனுமதித் தாளை அச்சிட்டு மருந்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் தூக்க மாத்திரை, வீரியமான வலி மாத்திரை போன்றவற்றுக்கு ஹெச்.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பிடம் இதேபோல் முன்அனுமதி கேட்க வேண்டும். இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. பத்து நாள் பயணம்தான் என்றால், பட்டியலில் இல்லாத வேறு மருந்து இதற்குப் பதில் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல சமயம் முடியும். ஆனால் தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டவருக்கு அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடலாம்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2017 அக்டோபரில் எகிப்தின் ஹுர்காடா விமான நிலையத்தில் 290 டிரமடால் மாத்திரையோடு ஒரு பிரிட்டிஷ் பெண் பிடிபட்டார். அங்கே இருந்த தன் துணைவரின் முதுகுவலிக்காகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

மருந்தோடு கசகசாவையும் சொல்லிவிடுகிறேன். குருமாவுக்குப் போடும் அதே கசகசாதான். ஓபியம் எடுக்கிற செடியின் விதை என்பதால் அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை. தனிப் பொட்டலமாக எடுத்துப்போக மாட்டீர்கள், சரி. அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டீர்களா?

அடுத்தவர் பார்சலும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஒருவர் துபாய் போகிறார் என்று தெரிந்தால் ஊரே பொட்டலத்தோடு வரும். "நம்ம பையனுக்கு நாலு மாத்திரைதான் அண்ணே" என்பார்கள். மறுப்பது கஷ்டம். ஆனால் உங்கள் பையில் இருப்பது உங்களுடையது, சட்டம் அப்படித்தான் பார்க்கும். அதிலும் பிறர் பேரில் உள்ள மருந்துக்கு உங்கள் சீட்டு செல்லாது. பழியை என் மேல் போடுங்கள். மருந்துக்கடைக்காரர் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். எனக்குக் கெட்ட பெயர் வந்தால் வரட்டும்.

சித்த, ஆயுர்வேத மருந்து கொண்டுபோகிறவர்கள் லேபிள் ஒட்டி சீல் வைத்த டப்பாவாக வாங்குங்கள். பொட்டலத்தில் மடித்த வெள்ளைப் பொடியும் பழுப்புப் பொடியும் ஸ்கேனரில் எப்படித் தெரியும் என்று கற்பனை செய்து பாருங்கள். ஆஸ்திரேலியாவில் வேர், விதை, காய்ந்த இலை எதுவானாலும் வருகைப் படிவத்தில் குறிப்பிட்டுவிட வேண்டும். குறிப்பிட்டால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பெற்றோரை வரவழைக்கும் பிள்ளைகளும் படிக்க வேண்டும்.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சும் 40 கணக்கில் கோடு போட்டது, மூடி சிவப்பு. அமெரிக்காவிலும் மற்றப் பல நாடுகளிலும் குப்பி ஒரு மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சு மூடி ஆரஞ்சு. இங்கிருந்து கொண்டுபோன குப்பி தீர்ந்து, அங்கே வாங்கிய குப்பியில் இங்கிருந்து போன சிரிஞ்சை வைத்து 20 யூனிட் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. தனியாக வீட்டில் இருக்கும் பெரியவருக்கு இது உயிராபத்து. எதிர்ப்பக்கம், நம் குப்பியை அவர்கள் சிரிஞ்சால் இழுத்தால் 20 என்று நினைத்துப் போடுவது 8 யூனிட்டாகத்தான் இருக்கும், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். ஆகவே தங்கும் நாள் முழுவதுக்கும் குப்பியும் சிரிஞ்சும் ஜோடியாக இங்கிருந்தே எடுத்துப்போங்கள். அங்கே குப்பி வாங்க நேர்ந்தால் சிரிஞ்சும் அங்கேயே வாங்குங்கள், பழையதைக் குப்பையில் போடுங்கள். பேனாவில் போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. இங்கேயும் பேனா கார்ட்ரிட்ஜ் வழக்கமாக 100 யூனிட்தான். முடிந்தால் பயணத்துக்கு முன்பே பேனாவுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் பேசிப் பாருங்கள்; மாறுவதானால் ஒரு மாதம் முன்பே மாறிப் பழகிவிட வேண்டும்.

இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. பெட்டி வராமல் போகும் அபாயம் வேறு. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி, பயணத்துக்குத் தேவையான மருந்துக்குப் பொருந்தாது. சோதனை செய்பவரிடம் முதலிலேயே எடுத்துக் காட்டி, ஊசியும் இருக்கிறது என்று சொல்லி, கடிதத்தை நீட்டுங்கள். ஐஸ் கட்டி மேலேயே குப்பியை வைக்காதீர்கள், நடுவில் ஒரு துணி இருக்கட்டும். திறந்த குப்பி வெயில் படாமல் 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக நாலு வாரம் தாங்கும். திறக்காததை இறங்கியவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.

விமானத்தில் சாப்பாடு வருகிறது என்ற அறிவிப்பைக் கேட்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். குலுங்கல் வந்தால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். தட்டு உங்கள் முன்னால் வந்த பிறகு போடுங்கள். கையில் பிஸ்கட், சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும். அமெரிக்கா பக்கம் போகும்போது நாள் நீளும், அங்கிருந்து திரும்பும்போது சுருங்கும். நீண்ட நாளில் எந்த வேளையை எப்போது போடுவது என்று டிக்கெட்டைக் காட்டி டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம், நானும் இதற்குக் கணக்குச் சொல்ல மாட்டேன்.

சர்க்கரை அளவும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியாவில் வேறு அலகில் வரும். அங்கே 10 என்று காட்டினால் நம் கணக்கில் 180. அவர்கள் எண்ணை 18ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 7 என்று படித்து மயக்கம் போட்டு விழாதீர்கள், அது 126. உங்கள் மீட்டரையே எடுத்துப்போவது உத்தமம். போதுமான ஸ்ட்ரிப்பையும் இங்கிருந்தே வாங்கிவிடுங்கள், ஒவ்வொரு மீட்டருக்கும் ஸ்ட்ரிப் வேறு.

ஊசிகள்

கென்யா, உகாண்டா, நைஜீரியா, கானா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவை. இது சாதாரண மருத்துவமனையில் போடும் ஊசி அல்ல. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு மஞ்சள் நிறப் புத்தகத்தில் முத்திரை குத்தித் தர வேண்டும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையம், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம் ஆகியவை பலரும் போகும் இடங்கள். குறிப்பிட்ட நாளில்தான் போடுவார்கள், முன்பதிவு கேட்பார்கள், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டாலே வாழ்நாள் முழுவதும் செல்லும், பத்து வருடத்துக்கு ஒருமுறை என்ற பழைய கணக்கு போய்விட்டது. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசி இது. ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவருக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கும் போட மாட்டார்கள். 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுவதானால் டாக்டர் நன்மை தீமையை யோசித்துச் சொல்வார்.

அந்த நாடு கேட்கவில்லை, எதற்கு ஊசி என்று சிலர் விட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது நம் அரசு கேட்கும். மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து சான்று இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். காரணம் இருக்கிறது: அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நமக்கு டெங்கு கொடுக்கிற அதே கொசு, நம் தெருவெங்கும் இருக்கிறது. நோய் மட்டும்தான் இன்னும் வரவில்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக விமானம் மாறி வருகிறவர்களும் கவனிக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதவர்களுக்கு விலக்கு உண்டு, அதுவும் இங்குள்ள சுகாதார அதிகாரி ஒப்புக்கொண்டால்.

ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சலைவிட அதிகம் பயப்பட வேண்டியது மலேரியாவுக்கு. "கொசுக்கடி நமக்குப் புதுசா?" என்று சிரிப்பார்கள். சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் வகை, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஏறி நாள்கணக்கில் ஆளை முடித்துவிடும். தடுப்பு மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுப்பார். டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். அடோவாகுவோன், புரோகுவானில் சேர்ந்த மாத்திரை என்றால் திரும்பிய பிறகு ஏழு நாள் போதும், ஆனால் விலை கூடுதல். ஊர் வந்து சேர்ந்தாச்சே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உம்ரா, ஹஜ் போகிறவர்களுக்குச் சவூதி அரசு நாலு வகைக் கிருமிக்கான மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போய்ச் சேர்வதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, டெட்டனஸ் ஊசிகளைப் பற்றியும் அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

காப்பீடு

பயணக் காப்பீட்டில் மலிவானதைத் தேடுவது நம் பழக்கம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கேட்பார்கள், அது இல்லாமல் விசாவே இல்லை. அமெரிக்காவுக்கு யாரும் கேட்பதில்லை, ஆனால் அங்கேதான் அதிகம் தேவை.

பாலிசியில் படிக்க வேண்டியது ஏற்கெனவே உள்ள நோய் என்ற பகுதி. பிரஷரும் சர்க்கரையும் இருப்பதை மறைத்தால் பிரீமியம் குறையும், மாரடைப்பு வந்தால் பணமும் வராது. என் அத்தை மகன் தன் மாமியாருக்கு எடுத்த பாலிசியில் பிரஷரைக் குறிப்பிடாமல் விட்டார்கள். அங்கே மயங்கி விழுந்து மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்ததற்கு, நோயை மறைத்ததாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. குறிப்பிட்டாலும் பல பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும்தான் பழைய நோய்க்குப் பணம் தரும். வழக்கமான செக்கப்புக்குத் தராது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அல்லது சேர்த்தவுடன், பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குப் பேசிவிடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு அமெரிக்காவில் நேராக எமர்ஜென்சிக்கு ஓட வேண்டாம். அர்ஜன்ட் கேர் என்ற சிறிய கிளினிக்குகள் உண்டு, செலவு பல மடங்கு குறைவு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் கை கால் விழுவது என்றால் மட்டும் யோசிக்காமல் 911.

பத்தாம் வகுப்பு முடிக்காமல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டோடு வளைகுடா, மலேசியா வேலைக்குப் போகிறவர்களுக்கு மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் வந்தாலோ 10 லட்சம். ஏஜென்ட் எடுத்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். பாலிசித் தாளை வாங்கி ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். காப்பீடு கிடைக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்களுக்கு, அவர்களுக்கே தெரியாவிட்டால் என்ன பிரயோஜனம்?

கைப்பையும் விமானமும்

மருந்தை இரண்டாகப் பிரியுங்கள். பாதி உங்கள் கைப்பையில், பாதி கூட வருபவர் கைப்பையில். தனியாகப் போகிறவர் இரண்டு வார மருந்தையாவது கைப்பையிலும் மிச்சத்தைப் பெட்டியிலும் வைக்கலாம், இன்சுலின் தவிர. இதோடு சில சில்லறை மருந்துகள்: பாராசிட்டமால், தும்மலுக்கும் அரிப்புக்கும் செட்டிரிசின், நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, தெர்மாமீட்டர், காயத்துக்குப் பிளாஸ்திரி. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போடக்கூடாது. ஆன்டிபயாடிக் "சும்மா கையில இருக்கட்டும்" என்று கேட்பார்கள். டாக்டர் எழுதினால் தருகிறேன், இல்லாவிட்டால் இல்லை.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். ஓரத்து சீட் கேளுங்கள், இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலி, சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்ற சாப்பாடு இரண்டையும் 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு தாள். பெயர், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து, பாலிசி எண், அங்கே ஒருவர் இங்கே ஒருவர் என இரண்டு தொலைபேசி எண். ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப்பையில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். போகும் நாட்டின் ஆம்புலன்ஸ் எண்ணை அதே தாளில் பெரிதாக எழுதுங்கள்: சிங்கப்பூர் 995, அமீரகம் 998, மலேசியாவிலும் பிரிட்டனிலும் 999, ஐரோப்பிய நாடுகள் 112, ஜப்பான் 119, ஆஸ்திரேலியா 000.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், குறிப்பாக ஆப்பிரிக்கா போய்வந்தவர்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் எந்த நாட்டுக்கு எப்போது போனோம் என்று நீங்களாகச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வந்தாலும், ஏன், ஒரு வருடத்துக்குள் எப்போது வந்தாலும் மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் என் கடைக்கு வந்து காய்ச்சல் மாத்திரை கேட்டால் நானும் அதைத்தான் கேட்பேன்.